வியாழக்கிழமைப் பாட்டும் வெள்ளிக்கிழமைத் தொலைபேசியும்

மச்சான்,

நேற்று இங்கே பலெர்மோவில், கபோ சந்தையில் உன்னுடைய ஆட்களைக் கண்டேன். மீன்கடைகளைத் தாண்டி உடுப்புக் கடைகள் தொடங்கும் இடத்தில், பிள்ளைகளின் காலுறைகளுக்கும் சமையல் ஏப்ரன்களுக்கும் நடுவில் ஒரு கறுப்பு ரீசேட் தொங்கியது. நெஞ்சில் அந்த ஒற்றைச் சிறகுக் காகம். என் மகள் அதைக் கழற்றித் தன் உடம்போடு வைத்து அளவு பார்த்தாள்.

"இவை ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"மா கெ நெ ஸோ, எனக்கென்ன தெரியும் அப்பா. சும்மா ஒரு ரீசேட். வடிவாக் கிடக்கு."

"உன்ரை மாமாவின்ரை ஆக்கள்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கடைக்காரனிடம் சிசிலியப் பேச்சில் விலையைக் குறைக்கப் போய்விட்டாள். நீ நின்றிருந்தால் கடைக்காரனையும் மறித்து, முதல் இசைத்தட்டிலிருந்து முழுக் கதையையும் சொல்லித்தான் விட்டிருப்பாய். நான் அந்தக் காகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். பின்னால் வந்த கிழவி தள்ளுவண்டியால் குதிக்காலில் இடித்து, வழி விடச் சொன்னாள்.

உன் ஆட்களை எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். ஒரேத்தோத் தெருவில் நாம் இருந்த அறையில் நீ கசெட்டைப் போட்டாலே நான் தலையணையால் காதைப் பொத்துவேன். வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரிச் சத்தம், அதற்கு மேலே ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். ஆனால் பாட்டை நிறுத்திவிட்டு நீ அவர்களுடைய கதையைச் சொல்லத் தொடங்கினால் மட்டும் தலையணையை எடுத்துவிடுவேன். நீ அதைச் சொந்தக்காரரின் கதை மாதிரிச் சொன்னாய்.

அமெரிக்காவில் கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு குளிர் ஊர். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நான்கு பெடியன்கள் சேர்ந்த பாட்டுக்குழு. பாடகனின் மாமன் வைத்திருந்த கராஜுக்குள் முதல் இசைத்தட்டு. ஒருவரும் வாங்கவில்லை. இரண்டாவதிலிருந்த ஒரு பாட்டை லொறிக்காரர்கள் வானொலியில் கேட்டுக் கேட்டே பெரிதாக்கினார்கள். மூன்றாவது வந்தபோது விளையாட்டு மைதானங்கள் நிரம்பின, காகம் வரைந்த சொந்த விமானம் வந்தது. அதோடு சண்டையும் வந்தது. அந்தப் பாட்டை எழுதியது யார் என்று பாடகனும் கித்தார்க்காரனும் முறுகி, கித்தார்க்காரன் ஒரு நாள் மேடையிலிருந்து இறங்கிப் போனவன் திரும்பி வரவில்லை. மேளக்காரன் குடித்தான். இன்னொருவன் வேதக்காரனாகிப் பிரசங்கம் செய்யப் போனான். பிறகு அமெரிக்காவில் புது மோஸ்தர் ஒன்று எழும்பியது. கிழிந்த கம்பளிச் சட்டையோடு நிலத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள் வந்தார்கள். வானொலி உன் ஆட்களை மறந்தது, கம்பனி கைகழுவியது.

"ஏறேக்கை எல்லாரும் வருவினம். இறங்கேக்கை ஆர் நிக்கினமெண்டு பார்" என்பாய். நீ நின்றாய்.

அந்தக் கசெட்டின் கதையையும் நீதான் சொன்னாய். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் கொழுவி, உன் தங்கை கையால் பெடலைச் சுற்ற நீ பாட்டுக் கேட்பாய். அவளுக்குக் கை உளைந்தால் பாட்டு இழுபடும். "கெதியாச் சுத்தடி!" என்று கத்துவாய். கோபத்தில் அவள் வேகமாகச் சுற்றினால் பாடகனுக்குப் பெண்குரல் வரும். எனக்கு அந்த மனுசியை முகம் தெரியாமலே பிடித்திருந்தது, அந்தப் பாட்டுக்காரனை அவள் கையால் படுத்திய பாட்டுக்காக.

தொண்ணூற்றாறாம் ஆண்டில் அந்தத் தங்கையும் அம்மாவும் எங்கே என்று உனக்குத் தெரியாமற் போயிற்று. முந்தின வருடக் கடைசியில் யாழ்ப்பாணச் சனம் முழுக்க மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிப் போனதில் அவர்களும் போனார்கள். கிளிநொச்சியில் இருக்கிறோம் என்று ஒரு துண்டு வந்தது. அதற்குப் பிறகு கிளிநொச்சியிலும் செல் விழுகிறது என்ற செய்திதான் வந்தது. கொழும்பில் லொட்ஜில் இருந்த உன் மாமா, உன் அம்மாவின் தம்பி, வெள்ளிக்கிழமை தோறும் நான் வீட்டுவேலை செய்த எஜமானி சிஞ்ஞோராவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். வெள்ளி பின்னேரம் சிஞ்ஞோரா சீட்டாடப் போய்விடுவாள் என்பதால் அந்த நேரம். நீ வேலை செய்த பல் வைத்தியரின் வீட்டிலிருந்து ஓடி வந்து, மூச்சு வாங்க, "என்னவாம் மாமா?" என்பாய். "ஒண்டும் தெரியேல்லை ராசா." வெள்ளிக்கு வெள்ளி அந்த ஒரே பதில்.

அப்படி இருக்கும்போதுதான் உன் ஆட்கள் பலெர்மோவுக்கு வருகிறார்கள் என்று வுச்சீரியாச் சந்தைச் சுவரில் ஒட்டியிருந்தது. நீ போஸ்டருக்கு முன்னால் நின்று அழாத குறை. "உச்சத்திலை இருந்திருந்தா இஞ்சை வருவாங்களே? விழுந்தபடியாத்தான் எனக்குக் கிடைச்சாங்கள்" என்றாய். முன்பு ஆகாயத்தில் தாண்டிப் போன ஊர்களுக்கெல்லாம் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். அதுவும் வியாழக்கிழமை. வீட்டுவேலைக்காரர் எல்லோருக்கும் அரை நாள் ஓய்வு. கடவுளே பார்த்துக் குறித்த நாள் என்றாய். எனக்கும் சேர்த்தே ரிக்கெட் எடுத்தாய்.

புதன்கிழமை பின்னேரம், முறை இல்லாத நேரத்தில், சிஞ்ஞோராவின் தொலைபேசி அடித்தது. மாமா.

"தம்பி, அவன் பக்கத்திலை நிக்கிறானோ?"

"இல்லை மாமா. கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். உன்னோடைதான் தனியக் கதைக்க வேணும். அவனுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதை. முதல் நீ கேள், பேந்து..."

இரைச்சல். பிறகு ஒன்றும் இல்லை.

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. செத்தவீட்டுச் செய்தியை உரியவனுக்கு நேரே சொல்லமாட்டோம். முதலில் பக்கத்து வீட்டுக்குச் சொல்வோம், சிநேகிதனுக்குச் சொல்வோம். அவன் சாப்பிட்டானா, தனியாக நிற்கிறானா என்று விசாரிப்போம். பிறகுதான் மெல்ல மெல்ல. என் தகப்பன் செத்ததும் எனக்கு அப்படித்தான் வந்தது, மூன்று பேரின் வாய் மாறி. ஆகவே "அவனுக்குச் சொல்லாதை" என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எனக்கு மற்றதெல்லாம் கேட்டுவிட்டது. அம்மாவா, தங்கையா, இருவருமா என்பது மட்டும்தான் தெரியவில்லை.

வியாழன் காலை தொலைபேசி நிலையத்துக்குப் போய் லொட்ஜுக்கு எடுத்தேன். யாரோ ஒரு பெடியன் எடுத்தான். "அவர் அவசரமா வவுனியாவுக்குப் போட்டார். வெள்ளிக்கிழமைதான் வருவார்." அவசரமாக வவுனியாவுக்கு. கிளிநொச்சி இருக்கும் வன்னிக்கும் ஆமிப் பக்கத்துக்கும் எல்லையில் நிற்கும் ஊர் அது. வன்னியிலிருந்து உயிரோடு வருகிறவர்களும் அந்த வழிதான், மற்றவர்களின் செய்தியும் அந்த வழிதான். எனக்கு அன்று இரண்டாவது மட்டுமே நினைவுக்கு வந்தது.

உனக்குச் சொல்வதா, விடுவதா? பஸ் தரிப்பில் நின்று அதையே உருட்டினேன். நீ மூத்த பிள்ளை, ஒரே ஆண்பிள்ளை. தூரத்தில் இருக்கிறவனுக்கு, கேள்விப்பட்ட நேரத்திலிருந்துதான் துடக்கு, சாவுத் தீட்டு. நான் வாய் திறந்த கணமே நீ செத்தவீட்டுக்காரன். பாட்டு இல்லை, கூத்து இல்லை, முப்பத்தோராம் நாள் காரியம் வரைக்கும் சிரிப்பே இல்லை. வாய் திறக்காவிட்டால் உனக்கு ஒரு பின்னேரம் மிச்சம். மாமாவும் சொல்லாதே என்றுதான் சொன்னார். அந்தப் பின்னேரத்தை உனக்குத் தருவது என்று தீர்மானித்தேன். உன்னோடு பஸ் ஏறினேன்.

நீ கறுப்பு ரீசேட்டில் காகத்தை நீயே வெள்ளை மையால் வரைந்திருந்தாய். கோழி மாதிரி இருந்தது. அந்த வருடங்களில் மாபியாவுக்குப் பயந்து நீதிபதிகளின் வீட்டு வாசல்களில் துவக்கோடு ஆமி நிற்கும். ஆமியைக் கண்டால் நம் கால்கள் தாமாகவே தயங்கும், பையில் தங்க அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோ இருந்தாலும். அன்று நீ தயங்கவில்லை. காவல் நின்ற பெடியனுக்கு உன் நெஞ்சைக் காட்டி, இன்றைக்கு இவர்கள் பாடுகிறார்கள் என்று இத்தாலியனில் சொன்னாய். அவனும் சிரித்தான்.

கடற்கரைப் பக்கம் சர்க்கஸ் கூடாரம் போல ஒன்று போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. பாதிதான் நிரம்பியிருந்தது. பழைய ஆட்களில் மிஞ்சியது பாடகனும் மேளக்காரனும் மட்டும். மற்ற இருவரும் சம்பளத்துக்கு வந்தவர்கள் என்று நீ இளக்காரமாகச் சொன்னாய். பாடகன் மேடைக்கு வந்தபோது நான் எதிர்பார்த்த இராட்சதன் வரவில்லை. வயிறு வைத்த, களைத்த ஒரு மனிதன் வந்தான். நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"பாரடா! உண்மையா நிக்கிறான்ரா!"

மூன்றாவது பாட்டில், "தங்கச்சி சுத்தினதிலும் பாக்க மெதுவா வாசிக்கிறாங்கள்" என்று என் காதுக்குள் கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். நான் மேடையைப் பார்க்கவில்லை, மச்சான். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் சிரிக்கிற கடைசிச் சிரிப்பு இது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். உனக்குத் தண்ணீர் வாங்கித் தந்தேன். பாண் வாங்கித் தந்தேன். வயிற்றில் ஏதாவது இருக்கட்டும், நாளைக்குச் சாப்பிடமாட்டான் என்று. நீ பாதியைத் தின்றுவிட்டு என்னை உற்றுப் பார்த்தாய்.

"ஏன்ரா முகம் இப்பிடிக் கிடக்கு?"

"தலையிடி."

"இந்தப் பாட்டுக்கு உனக்குத் தலையிடி வராட்டில்தான் அதிசயம். பொறு, எங்கடை பாட்டு வரப்போகுது." பிறகு, நான் கேட்காமலே சொன்னாய்: "நாளைக்கு மாமா எடுப்பார். இந்த முறை நல்லதுதான் சொல்லுவார். எனக்கு மனம் சொல்லுது."

என் நாக்கு நுனிவரை வந்தது. அதே நேரம் அந்தப் பாட்டு தொடங்கிவிட்டது, லொறிக்காரர்கள் பெரிதாக்கிய பாட்டு. அதில் ஓரிடத்தில் குரல் மேலே மேலே ஏற வேண்டும். பாடகன் ஏறப் பார்த்தான். குரல் பாதியில் உடைந்தது. கூடாரத்தில் விசில் அடித்தார்கள். இந்த ஊரில் விசில் அடித்தால் பாராட்டு அல்ல. யாரோ ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை எறிந்தான். நீ திரும்பி அவனைத் தமிழில் ஏசினாய், சபையில் சொல்ல முடியாத ஏச்சு. அவனுடைய கூட்டாளிகள் நாலு பேர் எங்கள் பக்கம் வந்தார்கள். நான் உன்னைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். இன்றைக்கு மட்டும் இவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, இன்றைக்கு மட்டும் அடி வாங்கக்கூடாது என்று பிடியை இறுக்கினேன். நீ என் பிடிக்குள் நின்றபடியே, அவன் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தூக்கினாய். பயங்கரமான குரல் உனக்கு. ஆனால் உன்னைச் சுற்றி நின்ற சிலர் சேர்ந்தார்கள், இன்னும் சிலர் சேர்ந்தார்கள், அடிக்க வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பாடகன் மைக்கைச் சனத்தின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். நீ அழுதாய். நானும் அழுதேன். நீ என் கண்ணீரைப் பார்த்து, கடைசியில் எனக்கும் பாட்டு ஏறிவிட்டது என்று சந்தோசப்பட்டாய்.

வெள்ளிக்கிழமை நீ நேரத்துக்கு முன்பே வந்தாய். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. குசினியில் இருந்து எனக்காகச் சமையலுக்குப் போஞ்சிக்காய் உடைத்தாய், குரல் அடைத்துப் போய், நேற்றைய பாட்டை முனகிக்கொண்டு. தொலைபேசி நடையில் இருந்தது. அடித்ததும் நீ எழும்பினாய். நான் உன்னை முந்தி ஓடினேன். நான் அப்படி ஓடியதிலேயே உனக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, தனியவோ?" என்றார் மாமா.

"சொல்லுங்கோ மாமா."

"அண்டைக்கு லைன் அறுந்து போச்சு. இது ஆறுதலாக் கதைக்க வேண்டிய விசயம். உன்னை எங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்... நீ அவனுக்கு ஒரு கூடப்பிறப்பு மாதிரி..."

நான் திரும்பிப் பார்த்தேன். நீ குசினி வாசலில் நின்றாய். மாமா உன்னைக் கேட்கவில்லை, என்னோடு பேசிக்கொண்டே இருக்கிறார். நீயும் நம் ஊர்க்காரன்தானே. உன் முகம் வெளிறியது. கையிலிருந்த போஞ்சி நிலத்தில் கொட்டியது. சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே அப்படியே கீழே இருந்துவிட்டாய். மாமாவோ குடும்பம், குணம், கடவுள் சித்தம் என்று சுற்றி வளைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சிஞ்ஞோராவின் கண்ணாடிச் சாமான்கள் அதிரக் கத்தினேன்.

"மாமா! அம்மா இருக்கிறாவோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ முதல்!"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அக்கா பக்கத்திலைதானே நிக்கிறா. பிள்ளையும் நிக்கிறாள். வவுனியாவாலை நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான். வவுனியாவுக்கு வந்திட்டினமெண்டு அண்டைக்கே உனக்குச் சொன்னனான்தானே!"

"நீங்கள் சொல்லேல்லை!"

"அட, சொல்லேல்லையோ? அதுதான் முதல் சொல்லவேணுமெண்டு இருந்தனான். அப்ப அதுக்கிடையிலை லைன்..."

நான் ரிசீவரை உன் மடியில் போட்டேன். "அம்மா" என்று மட்டும் சொன்னேன். நீ அதை எடுத்துக் காதில் வைக்கவே பயந்தாய். பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல் உன் பெயரைச் சொன்னது எனக்கே கேட்டது. நீ அழுத அழுகையில் மேல்மாடிக்காரி கதவைத் திறந்து என்ன நடந்தது என்று கேட்டாள்.

நெடுநேரம் பேசிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரிசீவரைத் திருப்பித் தந்தாய். "மாமா உன்னோடை ஏதோ முடிக்கேல்லையாம்" என்றாய். நான் வாங்கினேன். மாமா இந்தத் தடவை சுற்றவில்லை.

"பிள்ளையை உனக்குக் கேக்கிறம், தம்பி. அக்கா வவுனியாவாலை கோல் எடுக்கேக்கையே சொன்ன விருப்பம். அவனுக்குத் தெரியாமல் கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நீ மாட்டன் எண்டால் இது இதோடை முடிஞ்சுது. அவன் அறியத் தேவையில்லை. உங்கடை சிநேகிதம் கெடக்கூடாது."

நம் வழக்கத்தில் சாவும் சம்பந்தமும் ஒரே வழியால்தான் வரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டையும் உரியவனுக்குச் சொல்ல முன் பக்கத்து ஆளிடம்தான் சொல்வோம். நான் ஒன்றை மட்டுமே நினைத்திருந்தேன். அந்தக் காலம் எங்களை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

"என்னவாம்?" என்றாய், நிலத்தில் போஞ்சியைப் பொறுக்கியபடி.

"உன்ரை தங்கச்சியை எனக்குக் கேக்கினம்."

நீ போஞ்சியோடு அப்படியே நின்றாய். முகத்தில் ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் வந்து போனது. சிரிப்புக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"அப்ப நேற்று முழுக்க அம்மா செத்துப்போனா எண்டு நினைச்சுக்கொண்டே எனக்குப் பக்கத்திலை நிண்டனீ?"

"ஓம்."

"எனக்குப் பாண் வாங்கித் தந்தது?"

"ஓம்."

"விசரா!" போஞ்சியை என் முகத்தில் எறிந்தாய். "இனி எதெண்டாலும் முதல் எனக்குச் சொல்லு. நல்லதோ கெட்டதோ. சுத்தி வளைக்காமல், முகத்தைப் பாத்துச் சொல்லு. விளங்குதோ?" பிறகுதான் என்னைக் கட்டிப் பிடித்தாய். மாமா இன்னும் லைனில் நின்று, "தம்பி? தம்பி?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓம் என்று சொன்னது நானல்ல, நீ. ரிசீவரைப் பறித்து, "அவன் ஓமாம் மாமா!" என்று அடைத்த குரலில் கத்தினாய்.

உன் ஆட்கள் அந்தச் சுற்றுப்பயணத்தோடு உடைந்து போனார்கள். நீ கவலைப்பட்டாய், ஆனால் ஆச்சரியப்படவில்லை. பாடகன் வெகு காலம் ஊரில் கார்கள் திருத்திக்கொண்டிருந்தானாம். பிறகு கித்தார்க்காரனோடு சமாதானமாகி, பழைய நால்வரில் மூவர் மறுபடி சேர்ந்தார்கள். அவர்கள் புதிதாகப் பாடியது எதுவும் உனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் வாங்கினாய். மின்சாரம் நின்றால் எங்கள் வீட்டில் உன் தங்கை இன்றைக்கும் கையைச் சுற்றிக் காட்டுவாள், பிள்ளைகளுக்கு விளங்காது.

போன மாரியில், ஆஸ்பத்திரியில், வைத்தியர் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னைத்தான் கூப்பிட்டார். நடையில் வைத்து மெதுவாகச் சொன்னார். நோயாளிக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் வீட்டில் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. உன் சொல் காதில் இருந்தது. கடைசியில் கதவைத் திறந்தேன். நீ தலையணையில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் வாயைத் திறக்க முன்பே நீ கேட்டாய்:

"இது சம்பந்தம் பேச வந்ததில்லைப் போலை, என்ன?"

"இல்லை, மச்சான்" என்றேன், உன் முகத்தைப் பார்த்து. கட்டிலில் இருந்து, வைத்தியர் சொன்னது அத்தனையையும், ஒன்றையும் விடாமல், உனக்குச் சொன்னேன். நீ என் கையைப் பிடித்திருந்தாய். "அம்மாவுக்கும் நீதான் சொல்ல வேணும்" என்றாய். "பக்கத்து வீட்டுக்கு எடுத்துச் சொல்லாதை. நேரை சொல்லு."

சொன்னேன், மச்சான். நீ போன அன்று யாழ்ப்பாணத்துக்கு நானே எடுத்தேன். அம்மாதான் தூக்கினா. சாப்பிட்டாச்சோ என்று நான் கேட்கவில்லை, பக்கத்தில் ஆர் நிற்கினம் என்றும் கேட்கவில்லை. "அம்மா, அவன் போட்டான்" என்றேன். அம்மா கேட்டா, "கடைசியா அவனோடை நீதானே நிண்டனீ?"

"ஓம் அம்மா. நான்தான் நிண்டனான்."